கேளுங்க அக்கா: கிழங்குப் பூவும் பழக்கொடியும்

இந்த தடவை வந்த கேள்விங்களைப் பிரிச்சுப் பார்த்தா ரெண்டே கட்சி. ஒண்ணு டேலியா, கிளாடியோலஸ், அமரில்லிஸ்னு குளிர் தாங்காத கிழங்குப் பூ வளர்க்கறவங்க. இன்னொண்ணு திராட்சை, கிவின்னு குளிரைத் தாங்குற பழக்கொடி வெச்சிருக்கறவங்க. முதல் கட்சி "பூக்கலை"ங்கறாங்க, ரெண்டாவது கட்சி "காய்க்கலை"ங்கறாங்க. படிச்சுக்கிட்டே வந்தா பாதிப் பேர் கதையில வில்லன் ஒரே ஆளு, கத்திரிக்கோல். கிழங்குக்காரங்க வெட்டக்கூடாததை வெட்டிருக்காங்க, கொடிக்காரங்க வெட்ட வேண்டியதை மனசு வராம விட்டு வெச்சிருக்காங்க.

கேள்வி: அக்கா, அமரில்லிஸ் கிழங்கு ஒண்ணு கிஃப்டா வந்துச்சு. முதல் வருஷம் ஒரே தண்டுல நாலு பூ, ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம், வீடே அசந்துபோச்சு. அதுக்கப்புறம் இலை மட்டும்தான், பூவே இல்லை. பூ முடிஞ்சதும் இலை பார்க்க நல்லாயில்லைன்னு ஒட்ட வெட்டிட்டேன், அதனாலயா?

அதனாலதான்மா. முதல் வருஷம் பூத்தது உங்க தொட்டியில உருவான பூவே இல்லை. அதை விளைவிச்சவங்க நிலத்துலயே மொட்டு கிழங்குக்குள்ள உட்கார்ந்துடுச்சு, நீங்க தண்ணி காட்டினதும் வெளிய வந்துச்சு, அவ்ளோதான். அடுத்த பூவுக்கு சாப்பாடு செஞ்சு கீழ அனுப்ப வேண்டியது இந்த வருஷ இலை, அதை வெட்டிட்டா கிழங்கு இருக்கற சேமிப்பைத் தின்னுட்டு இளைச்சுப் போயிடும். அந்தக் கிழங்கு அடுக்கடுக்கா இருக்கும் பாருங்க, ஒவ்வொரு அடுக்கும் ஏதோ ஒரு பழைய இலையோட அடிப்பாகம். சுமாரா நாலு இலைக்கு ஒரு பூத்தண்டுங்கற கணக்குலதான் உள்ள மொட்டு கட்டும். ஒரு சீசன்ல எட்டு இலை வளர்ந்து நல்லா வெயில் தின்னா ரெண்டு தண்டு வரைக்கும் எதிர்பார்க்கலாம், ரெண்டே இலையோட நோஞ்சானா நின்னா ஒண்ணும் கிடையாது.

இப்ப என்ன பண்றதுன்னா, தொட்டி பெருசா வேணாம், கிழங்கைச் சுத்தி ரெண்டு மூணு செ.மீ. இடம் இருந்தாப் போதும். கிழங்கோட மேல் மூணுல ஒரு பங்கு மண்ணுக்கு வெளிய தெரியணும், முழுசாப் புதைச்சா கழுத்துல தண்ணி நின்னு அழுகும். பூ வாடினதும் பூத்தண்டை மட்டும் வெட்டுங்க, இலையைத் தொடாதீங்க, நல்ல வெயில்ல வெச்சு பொட்டாஷ் கொஞ்சம் தூக்கலா இருக்கற உரத்தைத் தண்ணியில கரைச்சு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊத்துங்க. ஏழெட்டு மாசம் இலை வளரட்டும். அப்புறம் தண்ணியைக் குறைச்சு நிறுத்திட்டு, 10லருந்து 13 டிகிரி குளுமையில எட்டுலருந்து பத்து வாரம் அப்படியே போட்டு வைங்க. இலை தானா மஞ்சளாகிக் காயும், அப்ப எடுத்துடலாம். திரும்ப வெதுவெதுப்பான இடத்துக்குக் கொண்டுவந்து தண்ணி காட்டினா சாதாரணமா ஆறுலருந்து எட்டு வாரத்துல பூ. இந்த ஓய்வு இல்லாமலும் அமரில்லிஸ் உயிரோட இருக்கும், பூக்கவும் செய்யும், ஆனா எப்ப பூக்கும்ங்கறது அதோட இஷ்டம். உங்க கிழங்கு இப்ப இளைச்சிருக்கறதால ஒரு சீசன் சும்மா தேத்துங்க, உடனே பூவைக் கேக்காதீங்க.

கேள்வி: டேலியா கிழங்கு ஒரு கொத்து வாங்கினோம். பிரிச்சு ஆறா நட்டோம், ரெண்டுதான் முளைச்சுச்சு, மத்த நாலும் மண்ணுக்குள்ள கொழுகொழுன்னு அப்படியே இருக்கு. தோண்டிப் பார்த்தா அழுகவும் இல்லை. என்ன விஷயம்?

அந்த நாலும் முளைக்காது, காத்திருக்க வேணாம். உருளைக்கிழங்குல உடம்பு முழுக்கக் கண்ணு இருக்கும், எங்க வெட்டி நட்டாலும் முளைக்கும். டேலியா அப்படியில்லை, கிழங்கோட உடம்புல கண்ணே கிடையாது. பழைய தண்டும் கிழங்கும் சேர்ற கழுத்து இருக்கு பாருங்க, அங்க மட்டும்தான் கண்ணு. அதனால பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டுலயும் கிழங்கு ஒண்ணு, ஒடியாத கழுத்து ஒண்ணு, அதுக்கு மேல பழைய தண்டோட ஒரு சின்னச் சில்லு, அந்தச் சில்லுல ஒரு கண்ணு, இவ்ளோவும் இருக்கணும். நீங்க கையால பிச்சு எடுத்திருப்பீங்க, கழுத்துலயே ஒடிஞ்சு கண்ணெல்லாம் தண்டோட போயிருக்கும்.

தூங்குற கிழங்குல கண்ணைக் கண்டுபிடிக்கறது கஷ்டம்தான், சின்னதா ஊசிமுனை அளவுக்கு ஒரு புடைப்பு, சிலதுல லேசா ரோஸ் கலர் அடிக்கும், சிலதுல அதுவும் இல்லை. அதனால அவசரப்பட்டுப் பிரிக்காம, முழுக் கொத்தை லேசா ஈரமான கோகோபீட்ல வெச்சு வெதுவெதுப்பான இடத்துல ரெண்டு வாரம் விட்டுப் பாருங்க, கண்ணெல்லாம் உப்பிக்கிட்டு தானா காட்டிக் கொடுத்துடும், அப்புறம் சுத்தமான கத்தியால வெட்டுங்க. வெட்டின முகத்தை ஒரு நாள் காய விட்டு நடுங்க.

நட்டதும் தண்ணி ஊத்தாதீங்கன்னு நான் சொன்னா யாரும் கேக்கறதில்லை. முளைக்காத டேலியாவுக்கு வேரே இல்லைங்க, குடிக்கறதுக்கு வாய் இல்லாததுக்கு தினம் தண்ணி ஊத்தினா அழுகாம என்ன பண்ணும்? மண்ணுல இருக்கற லேசான ஈரமே போதும், தளிர் மேல வந்தப்புறம் ஊத்துங்க. ஆழம் 10லருந்து 15 செ.மீ. உயரமா போற ரகம்னா குச்சியை நடும்போதே ஊன்றிடுங்க, செடி வளர்ந்தப்புறம் குத்தினா கிழங்குல குத்தும். நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்க, அப்பதான் பக்கக் கிளை வந்து பூ நிறைய வரும். ஆமா, கிழங்குப் பூன்னாலும் டேலியா நுனி கிள்றதைத் தாங்கும், அமரில்லிஸ்ல சொன்னது இங்க பொருந்தாது, ஏன்னா டேலியா பூக்கறது அந்த சீசன்ல வளர்ற புது நுனியில.

கேள்வி: குளிர் காலத்துல கிழங்கைத் தோண்டி எடுத்து வைக்கணும்ங்கறாங்க, சிலர் தேவையில்லைங்கறாங்க. எது சரி?

ரெண்டும் சரி, உங்க ஊர் மண்ணு உறையுமா உறையாதாங்கறதைப் பொறுத்தது. டேலியா, கிளாடியோலஸ், கல்வாழை, கேலேடியம், நிலசம்பங்கி எல்லாமே உறைபனி இல்லாத பூமியில பிறந்த ஜாதி. டேலியாவுக்குப் பூர்வீகம் மெக்ஸிகோ மலைப்பக்கம், கிளாடியோலஸ்ல பெரும்பாலான வகை ஆப்பிரிக்கா. கிழங்குக்குள்ள இருக்கற தண்ணி உறைஞ்சா செல் வெடிச்சு, உருகினதும் கூழாயிடும். மண்ணு உறையற ஊர்னா தோண்டித்தான் ஆகணும். உறையாத ஊர்னா குளிர் பிரச்சனையே இல்லை, அங்க எமன் மழை. தூங்குற கிழங்கு மேல மாசக்கணக்குல ஈரம் நின்னா அதே கூழ்தான். அதனால பனியே பார்க்காத ஊர்லயும் தண்ணி தேங்குற மண்ணா இருந்தா எடுத்து வைக்கறது நல்லது, மேட்டுப் பாத்தியோ வடியற தொட்டியோ இருந்தா விட்டுடலாம்.

எடுக்கறப்போ முள்ளு மண்வெட்டியை செடிக்கு ஒரு அடி தள்ளிக் குத்தி மெதுவா நெம்புங்க, தண்டைப் பிடிச்சு இழுத்தா டேலியா கழுத்து ஒடியும், ஒடிஞ்சா என்ன ஆகும்னு மேல சொல்லிட்டேன். இலை கருகற வரைக்கும் காத்திருந்து எடுக்கறது உத்தமம், கடைசி நாள் வரைக்கும் இலை கீழ சாப்பாடு அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கும். மண்ணைத் தட்டி, நிழல்ல உலர்த்தி, டேலியாவை லேசான ஈரம் இருக்கற மரத்தூள் இல்லேன்னா வெர்மிகுலைட்ல புதைச்சு 4லருந்து 10 டிகிரில வைங்க, ரொம்பக் காய்ஞ்சா சுருங்கிடும். கிளாடியோலஸ் நேர்மாறு, ரெண்டு மூணு வாரம் நல்லாக் காய வெச்சு வலைப்பையில போட்டு காத்தாட 2லருந்து 7 டிகிரி. கேலேடியம் மட்டும் செல்லப் பிள்ளை, 15 டிகிரிக்குக் கீழ போனா கெட்டுடும், அதை ஃப்ரிட்ஜ் பக்கமே கொண்டுபோகாதீங்க. எல்லாத்துலயும் பேர் எழுதி வைங்க, மாசம் ஒரு தடவை பையைத் திறந்து தொட்டுப் பாருங்க, கொழகொழன்னு ஒண்ணு இருந்தா அன்னிக்கே தூக்கி எறிங்க, பக்கத்துல இருக்கறதுக்கும் பரவிடும்.

கேள்வி: கிளாடியோலஸ் மொட்டு வருது, ஆனா விரியறதில்லை. விரிஞ்சாலும் இதழ்ல வெள்ளை வெள்ளையாக் கோடு. இலையிலயும் வெள்ளி பூசின மாதிரி இருக்கு.

இலைப்பேன். த்ரிப்ஸ்னு சொல்வாங்களே அதான். ஒரு மொட்டைப் பிரிச்சு வெள்ளைப் பேப்பர் மேல தட்டுங்க, கமா அளவுக்கு ஏதோ ஓடும். அதுங்க கிழங்கோட தோலுக்கு அடியில ஒளிஞ்சு அடுத்த சீசனுக்கும் வந்துடும், அதனால செடியில மருந்து அடிக்கறதை விட கிழங்கைச் சுத்தம் பண்றதுதான் முக்கியம். தோண்டின உடனே தண்டை கிழங்குக்கு ஒட்ட வெட்டி எறிங்க, தோட்டத்துல போடாதீங்க. சேமிச்சு வைக்கற இடம் 2லருந்து 5 டிகிரி இருந்தா ரெண்டு மூணு மாசத்துல ஒளிஞ்சிருக்கறதும் செத்துடும். செடியில ஆரம்பத்துலயே தெரிஞ்சா வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து சாயங்காலமா அடிங்க, மொட்டுக்குள்ள போனப்புறம் அடிச்சு பிரயோஜனமில்லை. ஒரு கூடுதல் தகவல், தோண்டறப்போ பழைய கிழங்கு சுருங்கி அடியிலயும் புதுசு அது மேலயும் உட்கார்ந்திருக்கும், பழசைத் திருகி எடுத்துப் போட்டுடுங்க. சுத்தி இருக்கற மணி மணியான குட்டிங்க பூக்க ரெண்டு மூணு வருஷம் ஆகும், பொறுமை இருந்தா வெச்சுக்கோங்க.

கேள்வி: திராட்சைக் கொடி வெச்சு நாலு வருஷம் ஆச்சு. பந்தல் முழுக்க மூடிடுச்சு, நிழல் அருமை, ஆனா போன வருஷம் மொத்தமே ரெண்டு கொத்துதான். கவாத்து பண்ணணும்னு நான் சொல்றேன், "இவ்ளோ ஆசையா வளர்ந்ததை வெட்டுவியா"ன்னு அவர் விட மாட்டேங்கறார். உங்க தீர்ப்பு என்ன?

தீர்ப்பு உங்களுக்குச் சாதகம்தான், ஆனா அவர்கிட்ட கோபப்படாம இதைப் படிச்சுக் காட்டுங்க.

திராட்சை எங்க காய்க்கும்? போன சீசன்ல வளர்ந்த குச்சி இருக்கே, அதுல இருக்கற கணுவுலருந்து இந்த சீசன்ல தளிர் வரும், அந்தத் தளிர்ல காய்க்கும். ரெண்டு மூணு வருஷம் ஆன தடிமனான கட்டையிலருந்து வர்ற தளிர்ல பெரும்பாலும் இலைதான். நீங்க வெட்டாம விட்டதால பந்தல்ல பழைய கட்டை ஏறிக்கிட்டே போயிருக்கு, காய்க்கற குச்சி நுனியில எங்கயோ கொஞ்சம் இருக்கு. அது போதாதுன்னு இன்னொரு விஷயம், அடுத்த வருஷக் கொத்து இந்த வருஷம் பூக்கற சமயத்துலயே கணு மொட்டுக்குள்ள உருவாக ஆரம்பிச்சுடும், அப்ப அந்த மொட்டு மேல வெயில் படணும். நிழல்ல இருக்கற மொட்டு சோம்பேறியாயிடும், கொத்துக்குப் பதிலா பற்றுக்கம்பியைத்தான் உருவாக்கும். உங்களுக்கு அருமையான நிழல் கிடைக்குதுன்னா மொட்டுக்கும் அதே நிழல்தான்.

பக்கத்துல போய்ப் பாருங்க. ஒரு வருஷக் குச்சி வெளிர் பழுப்பா, வழுவழுப்பா, பென்சில் மொத்தத்துல இருக்கும். பழசு கருத்துப்போய் பட்டை நார் நாரா உரியும். இலை கொட்டி கொடி தூங்குற சமயத்துல, நல்ல வெயில் பட்டு வளர்ந்த பென்சில் குச்சியில நாலைஞ்சைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொண்ணுலயும் பத்துப் பன்னெண்டு கணு விட்டு வெட்டுங்க. இல்லேன்னா நிரந்தரமா ரெண்டு கை மாதிரி விட்டு, அதுல வர்ற குச்சியை ரெண்டு கணுவுக்குக் குட்டையாக்குங்க. எந்த ரகத்துல அடிக்கணுவும் காய்க்குமோ அதுக்குத்தான் ரெண்டாவது முறை ஒத்துவரும், தெரியலைன்னா முதல் முறையே பத்திரம். மத்ததெல்லாம் போகட்டும். வெட்டி முடிச்சுப் பார்த்தா பத்துல ஒன்பது பங்கு தரையில கிடக்கும், அவர் அன்னிக்கு வீட்டுல இல்லாம பார்த்துக்கோங்க. லேட்டா வெட்டினா வெட்டின முனையிலருந்து சொட்டுச் சொட்டா தண்ணி வடியும், பயப்பட வேணாம், கொடிக்கு ஒண்ணும் ஆகாது. நாலு வருஷமா விட்டதை ஒரே தடவையில சரி பண்ண முடியலைன்னா ரெண்டு சீசனாப் பிரிச்சுப் பண்ணுங்க.

லண்டன் பக்கத்துல ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில 1768ல வெச்ச திராட்சைக் கொடி ஒண்ணு இன்னும் காய்ச்சுக்கிட்டிருக்கு. அதையும் வருஷா வருஷம் வெட்டிக்கிட்டேதான் இருக்காங்க, இதையும் அவர்கிட்ட சொல்லுங்க.

கேள்வி: எங்க பக்கம் குளிரே கிடையாது, திராட்சை இலையே கொட்டாது. அப்ப எப்ப வெட்டறது அக்கா?

அங்க கொடியை நீங்கதான் தூங்க வைக்கணும். வருஷத்துக்கு ரெண்டு கவாத்து. முதல் தடவை ஒட்ட வெட்டறது, அது பழத்துக்கு இல்லை, நல்ல குச்சி வளர்க்க. அந்தக் குச்சி நாலைஞ்சு மாசம் வெயில்ல முத்தி பழுப்பானதும் ரெண்டாவது கவாத்து, கணு விட்டு நீளமா வெட்டி இலையை உருவி விடுங்க, அதுலருந்து வர்ற தளிர்ல பழம். ரெண்டாவது கவாத்துக்கு முன்னாடி கொஞ்ச நாள் தண்ணியைக் குறைங்க. மழை பெய்யற சமயத்துல பூ வர்ற மாதிரி கணக்குப் பண்ணிடாதீங்க, பூ கொட்டும், அடிச்சாம்பல் நோயும் வரும். பெரிய தோட்டத்துல மொட்டு ஒரே சமயத்துல உடைய ஹைட்ரஜன் சயனமைடு தடவுவாங்க, வீட்டுல அந்த வேலையே வேணாம், தோல்ல பட்டாலே ஆபத்தான சரக்கு.

கேள்வி: மைனஸ் 25 தாங்கும்னு சொல்லித்தான் கொடி வாங்கினேன். மைனஸ் 10 கூட போகலை, ஆனா வசந்தத்துல வந்த தளிர் எல்லாம் ஒரே ராத்திரியில கருகிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தலை சார். அவங்க சொன்ன கணக்கு தூங்குற கொடிக்கு. திராட்சையில வினிஃபெரா ஜாதி மைனஸ் 15ஐத் தாண்டினா மொட்டு அடிபட ஆரம்பிக்கும், கான்கார்ட் மாதிரி லப்ரஸ்கா ஜாதி மைனஸ் 25 வரைக்கும் சமாளிக்கும், ரிப்பேரியா ரத்தம் கலந்ததெல்லாம் அதுக்கும் கீழ போனாலும் அசராது. ஆனா கண் விழிச்சு தளிர் விட்டப்புறம் எல்லாமே பச்சைக் குழந்தைதான், மைனஸ் ஒண்ணு ரெண்டு போதும் கருகறதுக்கு. கிவிக் கொடியும் இதே மாதிரிதான், இன்னும் மோசம்னு கூட சொல்லலாம்.

கொடி செத்துப்போச்சுன்னு பிடுங்கிடாதீங்க. திராட்சையில ஒரு கணுவுல பார்க்க ஒரு மொட்டு, உள்ள மூணு. பெருசு கருகினா ரெண்டாவது முளைக்கும், அதுலயும் ரகத்தைப் பொறுத்து கொஞ்சம் கொத்து வரும். இனிமேல் வெட்டறதை முடிஞ்ச வரைக்கும் தள்ளிப் போடுங்க, குளிர் காலக் கடைசியில வெட்டினா அடிக்கணு முழிக்கறது கொஞ்சம் லேட்டாகும். பனி வரும்னு தெரிஞ்ச ராத்திரி துணி போட்டு மூடுங்க, காலையில எடுத்துடுங்க. தெற்குச் சுவர்ல ஏத்தினா சீக்கிரம் சூடாகுமேன்னு நினைப்பீங்க, வடகோளத்துல இருக்கறவங்களுக்கு அதே சுவர்தான் கொடியை அவசரப்பட்டு எழுப்பி விடும், பள்ளத்துல வைக்கறதும் தப்பு, குளிர்ந்த காத்து கனமானது, அங்கதான் வந்து தேங்கும்.

கேள்வி: சின்னக் கிவி, அதான் தோல் வழுவழுன்னு அப்படியே வாயில போடற ரகம், நல்லா பூக்குது, ஒரு காய் கூட நிக்கலை. பூவுல மகரந்தம் இருக்கற மாதிரிதான் தெரியுது.

ஒரே ஒரு செடிதானே வெச்சிருக்கீங்க? கிவியில ஆண் கொடி வேற, பெண் கொடி வேற. ஒரு பூவைக் கையில எடுத்து நடுவுல பாருங்க. வெள்ளையா, நட்சத்திரம் மாதிரி பல கையா விரிஞ்ச சூல்முடியும் அதுக்கு அடியில குட்டிப் பிஞ்சும் இருந்தா பெண். நடுவுல ஒண்ணுமே இல்லாம வெறும் மகரந்தக் கம்பி மட்டும் இருந்தா ஆண். குழப்பம் எங்க வருதுன்னா, பெண் பூவுலயும் சுத்தி மகரந்தப்பை இருக்கும், ஆனா அந்தத் தூளுக்கு உயிர் இல்லை, சும்மா தேனீயைக் கூப்பிட. ஆறுலருந்து எட்டு பெண் கொடிக்கு ஒரு ஆண் போதும், ரெண்டும் ஒரே சமயத்துல பூக்கற ரகமா இருக்கணும். இடமில்லைன்னா 'இஸ்ஸாய்'னு ஒரு ரகம் தனியாவே காய்க்கும், பக்கத்துல ஆண் இருந்தா இன்னும் நல்லாக் காய்க்கும்.

ரெண்டு எச்சரிக்கை. இது ஒரே சீசன்ல ஆறு மீட்டர் ஓடற ஆளு, கயித்துக் கொடியெல்லாம் தாங்காது, கம்பி பந்தல் பலமா வேணும், நட்டு மூணுலருந்து அஞ்சு வருஷம் பழத்தைப் பத்திப் பேசாதீங்க. அப்புறம் பூனை. கொலோமிக்டான்னு ஒரு கிவி ஜாதி, மைனஸ் 35, 40லயும் நிக்கும், இலையில ரோஸும் வெள்ளையும் பூசினாப்ல அழகா இருக்கும், அதோட வாசனை பூனைங்களுக்குக் கிறுக்குப் பிடிக்க வைக்கும். உருண்டு புரண்டு அடியைக் கடிச்சே நாசம் பண்ணிடும். சின்னச் செடியைச் சுத்திக் கம்பிவலை போடுங்க.

கேள்வி: பேஷன் ஃப்ரூட் பூ பூத்து அப்படியே கொட்டுது. தண்ணி, உரம் எல்லாம் சரியாத்தான் குடுக்கறேன்.

மஞ்சள் பழமா, ஊதாவா? ஊதா தன்னோட மகரந்தத்துலயே காய்க்கும், மஞ்சள் காய்க்காது, வேற விதையிலருந்து வந்த இன்னொரு செடி வேணும். அதே செடியிலருந்து எடுத்த குச்சியை நட்டு ரெண்டு செடின்னு கணக்குக் காட்டினா அது ஏமாறாது. ஊதா விடிஞ்சதும் விரிஞ்சு மதியத்துக்குள்ள மூடிக்கும், மஞ்சள் மதியம் விரிஞ்சு ராத்திரி வரைக்கும் இருக்கும், அந்த நேரத்துல பெரிய கருவண்டுத் தேனீ வரலைன்னா நீங்கதான் தேனீ. பூ நடுவுல மேல மூணு கொம்பு, கீழ அஞ்சு மகரந்தப்பை. விரிஞ்ச உடனே கொம்பு நிமிர்ந்து இருக்கும், கொஞ்ச நேரத்துல வளைஞ்சு கீழ வரும், வந்தப்புறம் பிரஷ்ல மகரந்தத்தை எடுத்து மூணு கொம்பு நுனியிலயும் தடவுங்க. கடைசி வரைக்கும் கொம்பு வளையாத பூ காய்க்காது, அதுல நேரம் வீணாக்க வேணாம். உரம்னு சொன்னீங்களே, தழைச்சத்து அதிகமானா இலை மட்டும் தளதளன்னு வரும், அதையும் பாருங்க. பனி விழற ஊர்னா இந்த ரெண்டுமே தாங்காது, இன்கார்னேட்டான்னு தனி ஜாதி இருக்கு, மேல எல்லாம் செத்து வேர்லருந்து திரும்ப வரும்.

கேள்வி: சூடான ஊர்ல ட்யூலிப் வளர்க்க முடியுமா?

ஒரு தடவை பூக்க வைக்கலாம். அதுக்கு 12லருந்து 16 வாரம் 9 டிகிரிக்குக் கீழ குளிர் வேணும், ஃப்ரிட்ஜ்ல பேப்பர் பையில போட்டு வைங்க. பழத்தோட மட்டும் வைக்காதீங்க, ஆப்பிள் விடற எத்திலீன் வாயு உள்ள இருக்கற மொட்டையே கொன்னுடும். பூத்ததும் தூக்கிப் போட வேண்டியதுதான், அந்தச் செலவுக்கு டேலியா வாங்கலாம்ங்கறது என் கட்சி.

கேள்வி: வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தையும் ஒரு நாயும் இருக்கு. எதையெல்லாம் தவிர்க்கணும்?

செங்காந்தள் வேண்டவே வேண்டாம். அதோட கிழங்குல கோல்ச்சிசின்னு ஒரு விஷம் இருக்கு, உயிரையே எடுக்கும், குழந்தை வளர்ற வரைக்கும் அதை மறந்துடுங்க. அமரில்லிஸ் கிழங்குல லைக்கோரின், தின்னா வாந்தி, பேதி. கேலேடியம் இலையைக் கடிச்சா வாயெல்லாம் ஊசி குத்தின மாதிரி எரியும், உள்ள இருக்கற ஆக்ஸலேட் படிகம்தான் காரணம். நாய்க்கு திராட்சையே ஆகாது, பழமும் சரி, காய்ஞ்சதும் சரி, சிறுநீரகத்தைக் கெடுத்துடும், எந்த நாய்க்கு எவ்ளோன்னு கணக்கும் இல்லை, அதனால கீழ உதிர்றதை அன்னன்னிக்குப் பொறுக்கிடுங்க. தப்பித் தவறித் தின்னுட்டா வாந்தி வருதான்னு பார்த்துக்கிட்டு உட்காராம உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. எடுத்து வைக்கற கிழங்கை சமையலறைப் பக்கம் வைக்காதீங்க, அமரில்லிஸ் கிழங்கை வெங்காயம்னு நினைச்சு நறுக்கிடுவாங்க.

கேள்வி: இடம் கம்மி. திராட்சைப் பந்தலுக்கு அடியில கிழங்குப் பூ வைக்கலாமா?

வைக்கலாம், ஆனா எதைங்கறதுல இருக்கு. கிளாடியோலஸ், டேலியாவுக்கு முழு வெயில் வேணும், கொடி இலை விடற அதே சமயத்துலதான் இதுங்களும் வளரும், நிழல்ல ஒல்லியா நீண்டு சாஞ்சுடும். கேலேடியமும் கிழங்கு பெகோனியாவும் நிழலை விரும்பற ஜாதி, அதுங்க வரும். நேரா மண்ணுல நடாதீங்க, வருஷா வருஷம் தோண்டி எடுக்கறப்போ கொடியோட மேல் வேரெல்லாம் அறுபடும். தொட்டியோட மண்ணுல பாதி புதைச்சு வைங்க, சீசன் முடிஞ்சதும் தொட்டியோட தூக்கிடலாம். இன்னொண்ணு, திராட்சைக்கு சாம்பல் நோய்க்கு கந்தகம் அடிக்கறவங்க அன்னிக்கு தொட்டிங்களை வெளிய எடுத்துடுங்க, 30 டிகிரியைத் தாண்டற வெயில்ல கந்தகம் இலையைச் சுட்டுடும், கான்கார்ட் மாதிரி ரகங்களுக்கு எந்த வெயில்லயும் அடிக்கவே கூடாது.